செகண்ட் ஹாஃப் இழுவை: பழுது எந்த ரீலில்?

9 நவம்பர் 2024, கொளத்தூர் வாசகரின் கேள்வி

போன மாதம் வந்த ஒரு சின்னப் படத்தை அசோக் நகர் பக்கம் ஒரு தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்தேன். முதல் பாதி அருமை. இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் நெளிய ஆரம்பித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து விமர்சனங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘செகண்ட் ஹாஃப் லேக், இருபது நிமிஷம் வெட்டியிருக்கலாம்.’ என் கட்சி இதுதான். தமிழ்ப் படங்களின் இரண்டாம் பாதி இழுப்பதற்கு எடிட்டரின் சோம்பல்தான் காரணம். கத்தரியைத் தாராளமாக எடுத்தால் பாதிப் படங்கள் பிழைத்துவிடும். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

9 நவம்பர், இரவு

மறுக்கிறேன். 1997-இல் சாலிகிராமத்தில் ஒரு எடிட்டிங் அறையில் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். 2012 வரை அந்தத் தெருக்களில்தான் பிழைப்பு. மூன்று படங்களில் எடிட்டர் என்று என் பெயர் வந்தது. இப்போது விளம்பரப் படங்கள் செய்கிறேன்.

நீங்கள் நெளிந்தது உண்மை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நெளிந்தவரிடம் போய், இல்லை, உங்களுக்குப் பிடித்திருந்தது என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் நெளிந்த இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறொன்று. கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தால் சிலருக்குக் காது வலிக்கும். காதில் சொட்டு மருந்து விட்டு என்ன பயன்? இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் வெட்டுவது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்துதான்.

10 நவம்பர்

பேச்சு சரி, எடுத்துக்காட்டு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

2004-இல் நான் அசோசியேட்டாக வேலை பார்த்த ஒரு படம். பெயர் வேண்டாம். நாயகியின் அப்பா தையல்காரர். இரண்டாம் பாதியில் கடன்காரர்கள் வந்து அவருடைய தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாலு நிமிடக் காட்சி. இந்தக் காட்சிக்காகத்தான் படமே எடுக்கிறேன் என்று இயக்குநர் எங்களிடம் சொல்லியிருந்தார். விநியோகஸ்தர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது சரியாக அந்த இடத்தில் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். விளக்கு போட்டதும், ‘மிஷின் சீன் இழுக்குது சார்’ என்றார்கள். நாலு நிமிடத்தை இரண்டரை ஆக்கினோம். அடுத்த முறையும் இழுத்தது. ஒன்றரை ஆக்கினோம். அப்போதும் இழுத்தது! ஒன்றரை நிமிடக் காட்சி எப்படி இழுக்கும் என்று எனக்கு விளங்கவே இல்லை. படம் ஒரு வாரம் ஓடியது.

ஆறேழு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் இடம் பண்ணுவதற்காக, ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட விட்டுப் பார்த்தேன். அதில் 70 நொடிக் காட்சி ஒன்று. முதல் பாதியில் வந்திருக்க வேண்டியது. விடிகாலையில் அப்பா மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிறார். ஊசியில் நூல் கோக்கத் தடவுகிறார். மகள் பேசாமல் வந்து கோத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். ‘கதை நகரவில்லை’ என்று அதை எடுத்துவிடச் சொன்னவன் நான். இயக்குநர் தயங்கினார், நான் வற்புறுத்தினேன். அந்த 70 நொடி போனதும் அந்த மிஷின் வெறும் இரும்புச் சாமானாகிவிட்டது. யாரோ ஒருவர் வீட்டு இரும்புச் சாமானை எடுத்துக்கொண்டு போவதை ஒன்றரை நிமிடம் பார்ப்பது நீளம்தான்.

14 ரீல் படம், ரீலுக்குப் பத்து நிமிடம். பழுது மூன்றாவது ரீலில், வலி பத்தாவது ரீலில்.

11 நவம்பர்

திருத்தம். ரீலுக்குப் பத்து நிமிடம் என்று எழுதியதை தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டிய ஒரு பழைய ஆபரேட்டர் பிடித்துவிட்டார். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம். ஆக நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடி ரீல் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். அவர் சொல்வது சரி. நாங்கள் ரீலை விளிம்புவரை நிரப்புவதில்லை, காட்சி முடிகிற இடம் பார்த்து 900 அடிக்கு அக்கம்பக்கத்தில் முடிப்போம், அதனால் பத்து நிமிடம் என்று வாயில் வந்துவிட்டது.

13 நவம்பர்

‘சரி, பழுது முதல் பாதியில் என்றே வைத்துக்கொள்வோம். இழுவை மட்டும் ஏன் எப்போதும் இரண்டாம் பாதியிலேயே வருகிறது?’ என்று கொளத்தூர் நண்பர் விடாமல் கேட்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாளாக யோசித்தேன்.

கதை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வளசரவாக்கத்திலோ விருகம்பாக்கத்திலோ ஒரு வாடகை வீடு. தரையில் பாய், நடுவில் ஃபிளாஸ்க், சுற்றி நாலைந்து உதவி இயக்குநர்கள். இதுதான் டிஸ்கஷன். மாதக்கணக்கில் நடக்கும். ஆனால் அந்தக் கதை உயிர் பிழைப்பது அந்த அறையில் இல்லை, வெளியே போய்ச் சொல்லும் இடத்தில். தயாரிப்பாளரோ நடிகரோ கொடுப்பது ஒரு மணி நேரம். அதில் ஹீரோ அறிமுகம், காதல், வில்லன், இடைவேளை பிளாக் எல்லாம் ஷாட் ஷாட்டாக வரும். மணி பார்த்தால் ஐம்பது நிமிடம் போயிருக்கும். ‘அதுக்கப்புறம் அவன் எப்படி ஜெயிக்கிறாங்கறதுதான் சார்’ என்று மீதியைப் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். இப்படி முப்பது பேரிடம் சொல்லி, ஒவ்வொருவரும் கொட்டாவி விட்ட இடத்தை மாற்றி மாற்றி, முதல் பாதி பட்டை தீட்டப்பட்டிருக்கும். இரண்டாம் பாதியை யாரும் முழுதாகக் கேட்கவே இல்லை. அதை முதன்முதலில் முழுதாகக் கேட்கிறவர் டிக்கெட் வாங்கியவர்தான்.

அடுத்தது படப்பிடிப்பு. முதல் பாதி எடுக்கும்போது கையில் பணம் இருக்கும். கடைசி ஷெட்யூலில் ஃபைனான்ஸ் இறுகும், நடிகரின் கால்ஷீட் முடியும், மூன்று நாள் எடுக்க வேண்டியதை ஒரே ராத்திரியில் எடுப்பார்கள்.

மூன்றாவதுதான் நான் கண்ணால் பார்த்தது. ரிலீஸ் தேதி அறிவித்தாகிவிட்டது. நாங்கள் ரீல் ரீலாக முடித்து இசையமைப்பாளருக்கு ரீரெக்கார்டிங்குக்கு, அதாவது பின்னணி இசை சேர்க்க, அனுப்புவோம். முதல் ரீலுக்கு அவர் மூன்று நாள் எடுத்துக்கொள்வார். சிரித்துப் பேசி, இன்னொரு வயலின் சேர்த்து, மறுபடி வாசித்துப் பார்ப்பார்கள். பன்னிரண்டாவது ரீல் போகும்போது சென்சாருக்கு இரண்டு நாள்தான் இருக்கும். கடைசி மூன்று ரீல்களுக்கு ஒரே இரவு. அதற்குப் பிறகு மிக்ஸிங், கலர் வேலை எல்லாவற்றிலும் அதே கணக்கு. முதல் ரீலின் மழைச் சத்தத்தில் ஓட்டில் விழுவது வேறு, தகரத்தில் விழுவது வேறு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். கடைசி ரீலில் எல்லாம் ஒரே மழை.

ஆகவே பார்வையாளர் நெளிவது கதைக்கு மட்டும் இல்லை. அவருக்குத் தெரியாமலேயே காதும் கண்ணும் ‘இங்கே கவனம் குறைந்துவிட்டது’ என்று சொல்லிவிடுகின்றன.

14 நவம்பர்

ஓர் அசோசியேட் டைரக்டர் (இப்போதும் வேலையில் இருக்கிறவர்) மேலே சொன்னதில் இரண்டாவது காரணத்தை உடைத்துவிட்டார். ‘அண்ணே, கதை வரிசையில யாரு ஷூட் பண்றாங்க? லொகேஷன், செட், ஆர்ட்டிஸ்ட் தேதி வச்சுத்தான் போறோம். எங்க படத்துல கிளைமாக்ஸைத்தான் முதல் ஷெட்யூல்ல எடுத்தோம்.’

சரிதான். ஃபேக்டரி செட் வாடகைக்கு நிற்கிறது என்றால் கிளைமாக்ஸ் முதலில் போகும். கடைசி ஷெட்யூலில் நெருக்கடி வருவது உண்மை, ஆனால் அது எந்தப் பாதியையும் அடிக்கலாம். அதை என் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். எழுத்தும், எடிட்டிங்குக்குப் பிந்தைய வேலையும் மட்டும் கதை வரிசையில் போகின்றன. அந்த இரண்டும் நிற்கின்றன.

17 நவம்பர்

குரோம்பேட்டை நண்பர் ஒருவர், இத்தனை ஆராய்ச்சி எதற்கு, குற்றவாளி இடைவேளை சமோசாதான், வயிறு நிறைந்தால் தூக்கம் வரும் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அதைச் சிரித்துத் தள்ள மனமில்லை. இடைவேளை முடிந்து முதல் ஐந்து நிமிடத்தில் அரங்கைத் திரும்பிப் பாருங்கள். கால்வாசி இருக்கை காலியாக இருக்கும். கையில் தட்டோடு ‘கொஞ்சம் காலை மடக்குங்க’ என்று வந்துகொண்டே இருப்பார்கள். என் குருநாதர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் ஐந்து நிமிடத்தில் கதைக்கு வேண்டியது எதையும் வைக்காதே என்பது. அதனால்தான் அங்கே ஒரு பாட்டோ காமெடியோ இருக்கும். இப்போது பாட்டுகள் குறைந்துவிட்டன, காமெடி டிராக் போய்விட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் முக்கியமான வசனம் வந்துவிடுகிறது. அதைக் கேட்காதவர்கள் மீதிப் படத்தில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ரிலீசுக்குப் பிறகு வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபிலிம் காலத்தில் இது வேறு மாதிரி நடக்கும். சான்றிதழ் வாங்கிய படத்தில் எதை எடுத்தாலும் சேர்த்தாலும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் சில ஊர்களில் ஆபரேட்டரே ஒரு பாட்டை உருவி டப்பாவில் போட்டுவிடுவார், அடுத்த ஊருக்குப் போகும்போது அந்தத் துண்டு பெட்டிக்குள் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். இப்போது சர்வர். புது ஃபைலை அனுப்பினால் எல்லா அரங்கிலும் ஒரே நாளில் மாறிவிடும். இவ்வளவு சுலபமாக வெட்ட முடிகிறது, ஆனால் வெட்டியதால் பிழைத்த படம் ஒன்றுகூட என் அனுபவத்தில் இல்லை. எடுத்த துண்டைத் திரும்ப முதல் பாதியில் ஒட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. ரிலீசான வாரத்தில் ‘படத்தை 70 நொடி கூட்டுங்கள்’ என்று எந்த எடிட்டரால் சொல்ல முடியும்?

22 நவம்பர்

தயாரிப்பாளர் சங்கத்தின் அறிக்கையை எல்லோரும் பகிர்கிறீர்கள். தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் மைக் நீட்டி ‘படம் எப்படி?’ என்று கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று உரிமையாளர்களைக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் வலி தெரியும். படத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை, திருச்சி-தஞ்சை, நெல்லை-குமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். முதல் வாரத்தில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர் பக்கம் போகும் பங்கு அதிகம், வாரம் ஆக ஆக அது குறைந்து தியேட்டர் பக்கம் சாயும். ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு தலையெழுத்தைத் தீர்மானிக்கிற மூன்று நாட்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரோகிணி தியேட்டர் வாசலில் ஒரு இளைஞர் வியர்வையோடு வெளியே வந்து ‘மொக்கை’ என்று சொல்லும் ஒற்றைச் சொல், திங்கட்கிழமை ஒரு லைட்மேனின் பாக்கிச் சம்பளத்தை நிறுத்தும். அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன், என்னுடையதும் ஒருமுறை நின்றது.

ஆனாலும் அந்த இளைஞரின் வாயை மூடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அவர் காசு கொடுத்து விடியற்காலை எழுந்து வந்தவர். எனக்கு மனத்தாங்கல் எல்லாம் மைக் நீட்டுகிறவரின் கேள்வியைப் பற்றித்தான். ‘எப்படி இருக்கு, எத்தனை மார்க்?’ என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? ‘எந்த இடத்துல போனை எடுத்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், தங்கமான பதில் வரும்.

30 நவம்பர்

வெளியே புயல் மழை. கே.கே. நகரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் வருகிறது, போகிறது. போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன்.

போன் என்றதும் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஒரு பழக்கம். புதுப் படம் பார்க்கப் போனால் கடைசி வரிசையில் இடம் வாங்குவேன். முன்னால் இருட்டில் ஒரு போன் திரை வெளிச்சம் தெரிந்தால் அது ஒருவருடைய அவசரம். ஒரே நிமிடத்தில் ஏழெட்டு தெரிந்தால், படம் அந்த இடத்தில் கையை விட்டுவிட்டது. நேரத்தைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அந்த நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பின்னோக்கிப் போவேன். நான்கு நோட்டு நிறைந்திருக்கிறது. இது அறிவியல் இல்லை. ஆனால் வெளிச்சம் தெரியும் நிமிடத்துக்கும், நான் கண்டுபிடித்த பழுதுக்கும் நடுவே அநேகமாக அரை மணி நேரமாவது இருக்கும்.

போனுக்கு முன்னால் கதவுச் சத்தம்தான் எனக்கு அளவுகோல். வடபழனியில் ஒரு பெரியவர் ஆபரேட்டராக இருந்தார். பாட்டில் எழுந்து போகிறவன் தம் அடித்துவிட்டுத் திரும்பி வருவான், காட்சியில் எழுந்து போகிறவன் வந்தாலும் வராத மாதிரிதான் என்பார்.

5 டிசம்பர்

முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் போன வழக்கில், இந்த வாரம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்திருக்கிறது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்பதுதான் அடிப்படை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் ஒரு மேடம் இதே இழையில் கேட்டிருந்தார், முன்பெல்லாம் விமர்சனம் இப்படிக் குத்தாதே, ஏன் என்று. குத்தியது, நன்றாகவே குத்தியது. தாமதமாகக் குத்தியது, அதுதான் வித்தியாசம். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டதை எங்கள் அறையில் வேதவாக்கு மாதிரி சொல்லுவார்கள். அந்த அரை மார்க்கைப் பாருங்கள். யாரோ நாலு பேர் உட்கார்ந்து, 62-ஆ 63-ஆ என்று வாதாடியிருந்தால்தான் அப்படி ஒரு அரை வரும் என்பது என் எண்ணம். வாரப் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் எழுதியவர் படத்தோடு சில ராத்திரி தூங்கி எழுந்திருப்பார்.

இப்போது பத்திரிகையாளர் காட்சிக்குப் போனால் இடைவேளையில் யாரும் டீக்குப் போவதில்லை. எல்லோரும் குனிந்து முதல் பாதிக்கு ஒரு பதிவு போடுகிறார்கள். இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று உறைத்தது. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்’ என்ற தீர்ப்பு படத்துக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. படம் பாதியில் இருக்கும்போதே ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எழுதிய பிறகு மீதியை அந்த வரியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். 2003-இல் ‘அன்பே சிவம்’ தியேட்டரில் எடுபடவில்லை. அப்புறம் டிவியில் போடப் போட அதைப் பிடித்துப்போனவர்கள் எத்தனை பேர்! டிவியில் விளம்பரத்துக்கு நூறு தடவை உடைத்தாலும் அங்கே முதல் பாதி, இரண்டாம் பாதி என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள்.

6 டிசம்பர்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். டிவி ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. அந்தப் படம் பேசியதைக் கேட்க ஆட்களுக்கு வயது கூட வேண்டியிருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் இருக்கும்.

15 டிசம்பர்

திரைப்பட விழாவில் மூன்று நாளில் எட்டுப் படம் பார்த்தேன். எதற்கும் இடைவேளை இல்லை. ஒரு படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையே வெகுநேரம் காட்டினார்கள். என் நோட்டில் ஒரே ஒரு வெளிச்சம்தான் குறித்திருக்கிறேன். விழாவுக்கு வருகிறவர்கள் பொறுமைசாலிகள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே ஆட்களை வெள்ளிக்கிழமை தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறேன், அங்கே அவர்களும் போனை எடுக்கிறார்கள்.

நம்மூரில் இங்கிலீஷ் படத்துக்கும் இடைவேளை விடுகிறார்கள், சில சமயம் வசனத்தின் நடுவிலேயே. அந்தப் படங்களைப் பற்றி யாரும் ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று பேசிக்கொண்டு வெளியே வருவதை நான் அதிகம் கேட்டதில்லை. அந்த உடைப்பு படத்தினுடையது இல்லை என்று நமக்குத் தெரிகிறது. நம் படத்தில் இடைவேளை என்பது ஒரு சத்தியம். இடி விழுகிற மாதிரி ஒரு காட்சியை வைத்து, விளக்கைப் போட்டு, வா, இதைவிடப் பெரிதாக ஒன்று தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறோம். பதினைந்து நிமிடம் கழித்து வந்தவரை உட்கார வைத்து ஃபிளாஷ்பேக் சொன்னால் அவர் நெளியாமல் என்ன செய்வார்?

ஆக, கொளத்தூர் நண்பரே, முதல் நாள் சொன்னதை நானே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முதல் பாதியில் விட்டுப்போன காட்சி ஒரு காரணம். முதல் பாதியில் கூடுதலாகக் கத்திவிட்ட இடைவேளை இன்னொரு காரணம். இரண்டுமே இரண்டாம் பாதிக்கு வெளியே இருக்கின்றன, அதில் மாற்றம் இல்லை.

22 டிசம்பர்

‘அப்படியானால் நல்ல விமர்சகர் யார்?’ என்று கேட்கிறீர்கள். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதுவும் எனக்கு நடந்தது.

2009-இல் நான் எடிட் செய்த படம். சுமாராகப் போனது. எல்லோரும் வழக்கம்போல எழுதினார்கள். ஒருவர் மட்டும், சின்னப் பத்திரிகையில், அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி வரும் காட்சியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். அவள் ஏன் போனாள் என்று தெரிகிறது, எதை விட்டுவிட்டுப் போனாள் என்று தெரியவில்லை, அதனால் திரும்பி வந்தபோது அவளோடு சேர்ந்து நம்மால் வர முடியவில்லை என்ற பொருளில். எனக்கு அன்று ஆத்திரம். எடிட்டிங் அறையின் வாசலைக்கூடப் பார்க்காத ஆள் என்று இயக்குநரிடம் திட்டித் தீர்த்தேன். இயக்குநர் எதுவும் பேசாமல் ஸ்கிரிப்ட் ஃபைலை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அவள் போவதற்கு முந்தின நாள் கிணற்றடியில் குடத்தைக் கவிழ்த்து வைக்கும் காட்சி. எடுத்தோம், நன்றாக வந்தது, நீளம் கருதி நான் தூக்கினேன்.

படத்தில் இல்லாத காட்சியை அந்த மனிதர் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். அவரை நான் சந்தித்ததில்லை. அவர் எத்தனை மார்க் போட்டார் என்பதும் நினைவில் இல்லை.

4 ஜனவரி 2025

கொளத்தூர் நண்பர் சொன்ன படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. நேற்று இரவு இடைவேளை இல்லாமல் ஒரே மூச்சில் பார்த்தேன். நீங்கள் நெளிந்த இடம் எது என்று கேட்காமலே பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் உங்களிடம் கேட்கவில்லை. எனக்கு 1 மணி 34-ஆவது நிமிடத்தில் கை தானாகப் போனுக்குப் போனது. நாயகனின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும் காட்சிகள். நீங்கள் நெளிந்ததும் அங்கேதானா?

அதே நாள், இரவு

அங்கேதான் என்கிறீர்கள். பன்னிரண்டு நிமிடம் ஆஸ்பத்திரி, அதில் எட்டை வெட்டலாம் என்கிறீர்கள்.

பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தம்பி முதல் பாதியில் நான்கு இடத்தில் வருகிறான். நான்கிலும் அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறான். ஒரு இடத்தில்கூட அவனுக்கு ஒரு தனி ஷாட் இல்லை. 41-ஆவது நிமிடத்தில் மட்டும் அண்ணன் சைக்கிளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பான், தம்பி ஏதோ சொல்ல வாயெடுப்பான், அதற்குள் வெட்டி அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அவன் வாயைக் கவனியுங்கள். உதடு அசையத் தொடங்குகிறது. அங்கே ஒரு வசனம் எடுத்திருக்கிறார்கள், நிச்சயம். ஆறு நொடி இருக்கும். அந்த 41-ஆவது நிமிடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

5 ஜனவரி

பார்த்துவிட்டு நீங்கள் போட்ட பதிலைப் படித்தேன். அவன் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிறான் என்று உங்கள் மகள் சொல்கிறாள். நான் நாலு தடவை ஓட விட்டுப் பார்த்தேன். ‘சா’ வரைக்கும் உதட்டில் தெரிகிறது.